ஈயச் சொம்பு முதல் சினை ஊசி கேன் வரை: உருகுதல், கொதித்தல், ஆவியாதல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர்ப் பக்கத்து பாலிடெக்னிக் ஒன்றில் பல வருஷம் பட்டறையில் பாடம் எடுத்தவன் நான். அதனால் உலோகம் உருகுவது, தண்ணீர் கொதிப்பது, சிலிண்டர் வியர்ப்பது என்று எதில் சந்தேகம் வந்தாலும் தெரிந்தவர்கள் என்னிடம் வந்து கேட்பார்கள். மாணவர்கள், நகை ஆசாரிகள், வெல்டர்கள், வீட்டில் சமைப்பவர்கள் எனப் பலரும் திரும்பத் திரும்பக் கேட்டவை இவை. டிகிரி என்று வருவதெல்லாம் செல்சியஸ். எல்லோரும் உருகுவதைத்தான் வேடிக்கை பார்க்கிறார்கள், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் வேலையையும் உடம்பையும் கெடுப்பது பெரும்பாலும் ஆவியாவதுதான். அதனால் பதில்களில் ஆவிக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் போயிருக்கிறது.

ஈயச் சொம்பை வெறுமையாக அடுப்பில் வைத்தால் உருகிப் போகிறது. ரசம் ஊற்றி வைத்தால் ஒன்றும் ஆவதில்லை. தீ ஒன்றுதானே?

தீ ஒன்றுதான். ஈயச் சொம்பு என்று நாம் சொல்வது வெள்ளீயத்தில் செய்தது. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும். கேஸ் அடுப்பின் சுடரோ ஆயிரம் டிகிரிக்கு மேல். வெறும் சொம்பை வைத்தால் அது 232-ஐத் தொட அதிக நேரம் ஆகாது. அடி முதலில் பளபளக்கும், பிறகு ஒரு பக்கம் சரியும், அப்புறம் பர்னர் மேல் வெள்ளி மாதிரி ஓடும்.

உள்ளே ரசம் இருந்தால் கதை வேறு. சுடர் கொடுக்கும் வெப்பத்தை ஈயம் உடனே ரசத்துக்குக் கடத்திவிடுகிறது. ரசம் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீர் 100 டிகிரிக்கு வந்துவிட்டால் அதற்கு மேல் ஏறாது. வருகிற வெப்பம் முழுவதையும் ஆவியாகிப் போவதில் செலவழித்துவிடும். 100 டிகிரியில் நிற்கும் தண்ணீரை ஒட்டியிருக்கும் ஈயம் அதைவிடக் கொஞ்சம்தான் சூடாக இருக்க முடியும். 232-க்குப் போக வழியே இல்லை.

இதில் ஒரு இடத்தில் பலர் கோட்டை விடுகிறார்கள். பாதிச் சொம்பு ரசத்தை வைத்துத் தீயைப் பெரிதாக எரியவிட்டால், சுடர் பக்கவாட்டில் ஏறி ரசம் இல்லாத மேல்பகுதியை நக்கும். அங்கே வெப்பத்தை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. சொம்பின் வாய் உருகி இளிப்பது அப்படித்தான். சிறு தீ, சொம்பு நிறைய ரசம், நுரை கட்டியதும் இறக்கிவிடுவது என்ற பாட்டிமார் முறையில் பௌதிகம் முழுவதும் அடங்கிவிட்டது.

இன்னொன்றும் உண்டு. காரீயம் கலந்த சொம்பும் சந்தையில் வரலாம். காரீயம் நஞ்சு, புளி அதைக் கரைக்கும். கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. நம்பிக்கையான பாத்திரக் கடையில் மட்டும் வாங்குங்கள்.

தீ எரிந்துகொண்டே இருக்கிறது, வெப்பநிலை ஏறவில்லை. அந்த வெப்பமெல்லாம் எங்கே போகிறது?

துகள்களைப் பிரிப்பதற்குப் போகிறது. திடப்பொருளில் துகள்கள் ஒன்றையொன்று இறுகப் பிடித்து நின்ற இடத்திலேயே அதிர்கின்றன. உருகும்போது அந்தப் பிடி தளர்கிறது. ஆவியாகும்போது பிடியே அறுந்துபோகிறது. தெர்மாமீட்டர் காட்டுவது துகள்களின் ஆட்டத்தை மட்டும். பிடியை அறுக்கச் செலவாகும் வெப்பம் அதில் தெரியாது. அதனால் அதற்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர்.

தண்ணீரின் கணக்கைப் பாருங்கள். 1 கிராம் ஐஸ் உருக 80 கலோரி. உருகிய நீர் 0-விலிருந்து 100 டிகிரிக்கு ஏற 100 கலோரி. 100 டிகிரியில் நிற்கும் அதே நீர் முழுதும் ஆவியாக 540 கலோரி. கடைசிப் படிதான் மலை. ஆவி மறுபடி நீரானால் இந்த 540-ஐயும் அப்படியே திருப்பிக் கொடுக்கும். ஆவி பட்ட கை கொதிநீர் பட்ட கையைவிட மோசமாக வெந்துபோவதற்குக் காரணம் இதுதான்.

ஆம்பூர் பிரியாணியின் தம் இதே கணக்கில்தான் வேகிறது. மூடியை இறுக்கி, மேலே கரி நெருப்பை அள்ளிப் போட்ட பிறகு அண்டாவில் கிளறலே கிடையாது. அடியில் எழும் ஆவி அரிசியின் மேல் படிந்து நீராகி, தன் வெப்பத்தை அங்கே இறக்குகிறது. சீரக சம்பா குழையாமல் வேகிறது. நடுவில் மூடியைத் திறந்து பார்ப்பவர் ஆவியோடு சேர்த்து வெப்பத்தையும் வெளியே விடுகிறார்.

தங்கத்தை உருக்க ரொம்ப வெப்பம் வேண்டுமா?

வெப்பநிலை ரொம்ப வேண்டும், வெப்பம் ரொம்ப வேண்டாம். இந்தப் பதிலை மாணவர்கள் முதலில் நம்பவே மாட்டார்கள். அதனால் கணக்காகவே போட்டுக் காட்டுவேன்.

ஒரு சவரன் 8 கிராம். சுத்தத் தங்கம் 1064 டிகிரியில் உருகும். வேலூர்ப் பகல் வெப்பம் 35 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து 1064 வரை சூடேற்ற கிராமுக்குச் சுமார் 140 ஜூல். உருகுவதற்கு இன்னொரு 64 ஜூல். ஒரு சவரனுக்கு மொத்தம் 1,600 ஜூலை ஒட்டி வரும். அதே 8 கிராம் தண்ணீரை 35 டிகிரியிலிருந்து முழுதும் ஆவியாக்க 20,000 ஜூல் வேண்டும். அதாவது ஒரு சவரன் தங்கத்தை உருக்குவதைவிட ஒன்றரை ஸ்பூன் தண்ணீரைச் சுண்டவைப்பது பத்து மடங்குக்கு மேல் செலவு!

அப்படியானால் மோதிரத்தை அடுப்பில் போட்டால் உருகிவிடுமா என்று உடனே ஒருவர் கேட்பார். சிவக்கும், பொதுவாக உருகாது. திறந்த சுடரில் சூடேறும் உலோகம் ஏற ஏற, சுற்றியிருக்கும் காற்றுக்கும் வெளிச்சமாகவும் வெப்பத்தை இழந்துகொண்டே இருக்கும். வரவும் செலவும் சமமாகும் இடத்தில் நின்றுவிடும். ஆசாரியின் திறமை வெப்பத்தை ஓர் இடத்தில் தேக்குவதில் இருக்கிறது. சிறிய மூசை (உலோகத்தை உருக்கும் கிண்ணம்), சுற்றிலும் கரி, ஊதுகுழலால் ஒரே முனையில் பாயும் சுடர். இப்போது கேஸ் டார்ச் வந்துவிட்டது, தத்துவம் மாறவில்லை. மூசைக்குள் பார்த்தால் துண்டுகள் முதலில் ஓரம் மழுங்கும், பிறகு ஒன்றோடொன்று ஒட்டும், சட்டென்று எல்லாம் உருண்டு ஒரே முத்தாகி நடுங்கும். அந்த நடுக்கம் வந்த பிறகு ஆசாரி காத்திருப்பதில்லை, உடனே அச்சில் ஊற்றிவிடுவார்.

அலுமினியம் இதற்கு நேர் எதிர். 660 டிகிரியிலேயே உருகும், ஆனால் அந்த ஒரு படிக்கே கிராமுக்குச் சுமார் 400 ஜூல் கேட்கும். அதனால் 660 டிகிரியை எட்டிய பிறகும் நெடுநேரம் உருகாமல் அடம்பிடிப்பது போலத் தோன்றும்.

உருக்கும்போது வெங்காரம் ஏன் போடுகிறார்கள்?

தங்கத்தோடு கலந்த செம்பு சூட்டில் காற்றோடு சேர்ந்து கறுத்துப்போகும். வெங்காரம் 740 டிகிரியை ஒட்டி உருகி, கண்ணாடி போல மேலே பரவி அந்தக் கறுப்பைக் கரைத்துக்கொள்ளும். புதிதாகக் காற்று படாமலும் மூடிவைக்கும்.

கத்திரி வெயிலில் ஸ்ரீபுரம் பொற்கோயில் தங்கம் இளகாதா?

இளகாது. அங்கே செம்புத் தகட்டின் மேல் தங்கத் தகடு போர்த்தியிருக்கிறார்கள். சுமார் 1,500 கிலோ தங்கம் என்று கணக்கு. மே மாத வெயிலில் காய்ந்த உலோகம் கை வைக்க முடியாமல் சுடும், ஆனால் உருகுவதற்கு இன்னும் ஆயிரம் டிகிரி பாக்கி. வெயில் செய்யக்கூடியது நீட்டுவதுதான். 1 மீட்டர் செம்புத் தகடு 40 டிகிரி ஏறினால் 0.7 மில்லிமீட்டர் நீளும். எந்தக் கூரையில் தகடு அடித்தாலும் அந்த நீட்டத்துக்கு இடம் விட்டாக வேண்டும்.

22 காரட் தங்கமும் சுத்தத் தங்கமும் ஒரே டிகிரியில்தான் உருகுமா? கேடிஎம் நகை என்றால் என்ன? அதை ஏன் நிறுத்தினார்கள்?

கலந்தால் உருகுநிலை இறங்கும். தங்கம் 1064, செம்பு 1085. ஆனால் 80 பங்கு தங்கத்தில் 20 பங்கு செம்பைக் கலந்தால் இரண்டும் 900-ஐ ஒட்டியே உருகிவிடும். ரேடியோ கடையில் பத்தவைக்கும் ஈயமும் அப்படித்தான். வெள்ளீயம் 232, காரீயம் 327. 63-க்கு 37 என்று கலந்தால் 183 டிகிரியில் உருகும். இரண்டு விதத் துகள்கள் கலந்து நிற்கும்போது ஒழுங்கான அடுக்கு அமைவது கடினம், அதனால் சீக்கிரமே கலைந்துவிடுகிறது. பெரும்பாலான கலவைகள் ஒரே புள்ளியில் உருகுவதும் இல்லை. கொஞ்ச தூரம் கூழாக இருந்துவிட்டுத்தான் முழுத் திரவமாகும்.

நகையில் பொடி வைத்து ஊதிப் பத்தவைப்பதற்கு இந்தக் குணம்தான் ஆதாரம். பத்தவைக்கும் பொடி நகைக்கு முன்பே உருக வேண்டும். அந்தக் காலத்தில் தங்கத்தோடு செம்பையும் வெள்ளியையும் நிறையக் கலந்து பொடி செய்தார்கள். பொடி சீக்கிரம் உருகும், ஆனால் இணைப்புள்ள இடங்களில் தங்கத்தின் மாற்று குறைந்துவிடும். பழைய நகையை உருக்கினால் எடை நிற்கும், மாற்று நிற்காது. வீட்டுக்கு வீடு இந்தப் புலம்பல் உண்டு.

அதற்கு மருந்தாக வந்தது கேட்மியம். தங்கத்தோடு கொஞ்சம் சேர்த்தாலே உருகுநிலை நன்றாக இறங்கும். 92 பங்கு தங்கம், 8 பங்கு கேட்மியம் என்று பொடி செய்துவிடலாம், மாற்றும் குறையாது. அதுதான் கேடிஎம் நகை என்று விளம்பரமானது. வாங்குபவருக்கு லாபம்தான்.

செய்பவருக்கு? இங்கேதான் ஆவி வருகிறது. கேட்மியம் 321 டிகிரியில் உருகி 767 டிகிரியில் கொதித்துவிடும். தங்கப் பொடி உருகும் சூட்டில் அது கொதிநிலையை எட்டுகிறது அல்லது தாண்டிவிடுகிறது. அதாவது ஊதுகிற ஒவ்வொரு முறையும் கேட்மியம் ஆவியாகி, காற்றோடு சேர்ந்து மெல்லிய புகையாகிறது. ஆசாரி குனிந்து முகத்தை அதன் மேலேயே வைத்திருக்கிறார். அந்தப் புகை அப்போதைக்கு இருமல்கூடத் தராமல் இருக்கலாம். சில மணி நேரம் கழித்து நெஞ்சு இறுகும். நாள்பட்டால் சிறுநீரகம் போகும். ஹால்மார்க் முறையில் கேட்மியத்துக்கு இடமில்லை. இப்போது துத்தநாகம், இண்டியம் போன்றவற்றை வைத்துப் பொடி செய்கிறார்கள். நகை வாங்கப் போகிறவர்கள் ‘கேடிஎம்’ என்று சொன்னால் தரம் என்று நினைக்காதீர்கள். ஹால்மார்க்கோடு சேர்ந்த 916 முத்திரையைப் பாருங்கள்.

ஜி.ஐ. பைப்பை வெல்டிங் செய்தால் ராத்திரி காய்ச்சல் வருகிறது. பால் குடித்தால் சரியாகுமா?

ஜி.ஐ. பைப்பின் மேல்பூச்சு துத்தநாகம். அது 420 டிகிரியில் உருகி 907 டிகிரியில் கொதிக்கும். இரும்பு உருக 1538 வேண்டும். இரும்பை இளக்குவதற்கு முன்பே பூச்சு முழுதும் ஆவியாகி, வெள்ளைப் புகையாக உங்கள் முகமூடிக்குள் வந்துவிடுகிறது. பித்தளையை உருக்குகிறவர்களுக்கும் இதே கதி. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும்தானே. அந்தப் புகையை இழுத்தால் சில மணி நேரத்தில் குளிர், காய்ச்சல், வாயில் உலோகச் சுவை. ஒன்றிரண்டு நாளில் அடங்கும், மறுபடி இழுத்தால் மறுபடி வரும்.

பால் உடம்புக்கு நல்லதுதான். ஆனால் புகை போவது நுரையீரலுக்கு, பால் போவது வயிற்றுக்கு. இணைக்கும் இடத்தில் பூச்சை முதலில் சுரண்டி எடுங்கள், காற்று பக்கவாட்டில் அடிக்கும்படி நில்லுங்கள், மூடிய அறைக்குள் செய்யாதீர்கள். காய்ச்சலோடு மூச்சுத் திணறலும் இருந்தால் வெல்டிங் காய்ச்சல்தான் என்று படுத்துவிடாமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

துத்தநாகத்தின் இந்தக் குணத்தை நல்லதுக்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள். ராஜஸ்தானில் ஜாவர் என்ற இடத்தில் இடைக்காலத்திலேயே தாதுவைச் சூடாக்கி, ஆவியாக வரும் துத்தநாகத்தைக் கீழ்நோக்கி இறக்கிக் குளிரவைத்துப் பிடித்தார்கள். சாராயம் காய்ச்சுவதைப் போல உலோகத்தைக் காய்ச்சியிருக்கிறார்கள்!

கொல்லுப்பட்டறையில் இரும்பு உருகுவதே இல்லையே, எப்படி வளைக்கிறார்கள்?

உருக வேண்டிய அவசியமே இல்லை. சிவந்த இரும்பு திடப்பொருள்தான், ஆனால் இளகியது. இன்னொரு விஷயமும் உள்ளே நடக்கிறது. சுத்த இரும்பு 912 டிகிரியில் திடமாக இருந்தபடியே துகள் அடுக்கை மாற்றிக்கொள்ளும். திடத்திலிருந்து திடத்துக்கும் நிலைமாற்றம் உண்டு, பள்ளிப் புத்தகம் இதை அதிகம் சொல்வதில்லை. எஃகை அந்தச் சூட்டிலிருந்து சட்டென்று தண்ணீரில் முக்கினால், பழைய அடுக்குக்குத் திரும்ப நேரமில்லாமல் இறுகிப்போகும். கத்திக்குத் துவைச்சல் கொடுப்பது அதுதான். சூட்டை அறிய ஒரு காந்தம் போதும். 770 டிகிரியைத் தாண்டிய இரும்பை அது இழுக்காது.

காய்ச்சல் பார்க்கும் பாதரசத் தெர்மாமீட்டர் உடைந்துவிட்டது. என்ன செய்வது?

முதலில் பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள், ஜன்னலைத் திறங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள். பாதரசம் உறைவது மைனஸ் 39 டிகிரியில், கொதிப்பது 357 டிகிரியில். 357 வரை ஆவியாகாது என்று அர்த்தமில்லை. எந்தத் திரவமும் கொதிநிலைக்குக் கீழேயும் மேற்பரப்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும். ஈரத்துணி காய்வதும் அப்படித்தான். நம் ஊர் சூட்டில் பாதரசம் இன்னும் வேகமாக ஆவியாகும். நிறமில்லை, மணமில்லை.

துடைப்பத்தால் பெருக்காதீர்கள், வேக்குவம் கிளீனர் போடாதீர்கள். இரண்டும் உருண்டைகளை உடைத்துப் பரப்பும். அட்டை இரண்டால் உருண்டைகளை ஒன்றாகத் தள்ளி, சொட்டு மருந்துக் குழலால் உறிஞ்சி, மூடியுள்ள பாட்டிலில் போடுங்கள். மிச்சத்தை ஒட்டும் டேப்பால் எடுங்கள். கையில் தங்க மோதிரம் இருந்தால் முன்பே கழற்றிவிடுங்கள். பாதரசம் தங்கத்தோடு கலந்துவிடும், மோதிரம் வெளுத்துப்போகும்.

சூடம், அந்துருண்டை உருகாமலே காணாமல் போகின்றனவே?

திடத்திலிருந்து நேராக வாயுவாகின்றன. அதற்குப் பதங்கமாதல் என்று பெயர். அவற்றின் துகள்களுக்குள் பிடி தளர்வு, சாதாரணச் சூட்டிலேயே மேற்பரப்பிலிருந்து கழன்றுவிடும். அதற்காக அவை உருகாதவை என்று நினைக்க வேண்டாம். அந்துருண்டை 80 டிகிரியிலும் சூடம் 175-ஐ ஒட்டியும் உருகும். அயோடின் உருகாது, பதங்கமாகும் என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். அயோடினும் 114 டிகிரியில் உருகத்தான் செய்யும். நம் காற்றழுத்தத்தில் உண்மையிலேயே திரவமாகாதது உலர்பனிதான், அதாவது திடக் கரியமிலவாயு. மைனஸ் 78 டிகிரியில் நேராக வாயுவாகிவிடும். அதைத் திரவமாகப் பார்க்க 5 மடங்குக்கு மேல் அழுத்தம் வேண்டும்.

ஈயம் பூசுகிறவர் பாத்திரத்தில் நவச்சாரம் தூவும்போது குபுகுபுவென்று எழும் வெள்ளைப் புகையும் கிட்டத்தட்ட இந்த வகைதான். சூட்டில் நவச்சாரம் அம்மோனியாவாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் பிரிந்து எழுகிறது. மேலே குளிர்ந்ததும் இரண்டும் சேர்ந்து மறுபடி நவச்சாரத் தூளாகிறது. இடையில் பாத்திரத்தின் களிம்பை அது தின்றுவிடுகிறது. பிறகு ஈயக் கம்பியைத் தேய்த்து, பஞ்சால் ஒரு சுற்றுச் சுற்றினால் பித்தளை வெள்ளையாகிவிடும்.

ராத்திரி பரோட்டாக் கடையில் கேஸ் சிலிண்டரின் கீழ்ப்பாதி மட்டும் வியர்த்திருக்கிறது. கசிவா?

கசிவு இல்லை. சிலிண்டருக்குள் இருப்பது பெரும்பகுதி திரவம். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியில், பியூட்டேன் 0-வை ஒட்டிக் கொதிக்கும். அழுத்திப் பிடித்திருப்பதால்தான் வேலூர்ச் சூட்டிலும் திரவமாக இருக்கின்றன. அடுப்பைத் திறந்தால் அழுத்தம் கொஞ்சம் இறங்கும், திரவம் உள்ளே கொதித்து வாயுவாகும். அதற்கு வேண்டிய வெப்பத்தைச் சிலிண்டரின் இரும்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும். 19 கிலோ சிலிண்டரில் பெரிய பர்னரை மணிக்கணக்கில் எரித்தால் இரும்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படியும். வியர்வைக் கோடு எங்கே முடிகிறதோ அதுவரை கேஸ் இருக்கிறது என்று அர்த்தம். வீட்டில் ஈரத்துணியால் துடைத்து எந்த இடம் மெதுவாகக் காய்கிறது என்று பார்ப்பதும் இதே சோதனைதான்.

சுடர் சிறுத்துவிட்டது என்று சிலிண்டரைப் படுக்கவைப்பது, கவிழ்ப்பது, கொதிநீரில் நிறுத்துவது எல்லாம் உயிரோடு விளையாட்டு. படுக்கவைத்தால் திரவமே குழாய்க்குள் போகும். 1 லிட்டர் திரவம் வெளியே வந்தால் சுமார் 250 லிட்டர் வாயு. அது காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழும். இன்னொரு சிலிண்டரை இணைத்துச் சுமையைப் பகிர்வதுதான் வழி.

ஏலகிரியில் பருப்பு வேக ஏன் நேரமாகிறது? குக்கரில் ஏன் சீக்கிரம்?

இரண்டுக்கும் அழுத்தமே காரணம். காட்பாடியில் பொதுப் பெட்டியிலிருந்து இறங்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். பிளாட்பாரத்தில் கூட்டம் குறைவென்றால் லேசாக இறங்கிவிடலாம். வாசலை அடைத்துக்கொண்டு ஏறத் தள்ளுகிறார்கள் என்றால் நீங்களும் பலமாகத் தள்ளினால்தான் வெளியே வர முடியும். தண்ணீரின் துகள்களுக்கு வெளிக்காற்று அந்தக் கூட்டம். ஏலகிரி சுமார் 1,100 மீட்டர் உயரம், காற்றழுத்தம் குறைவு, அங்கே தண்ணீர் 96, 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்கு மேல் சூடேறாத நீரில் பருப்பு நிதானமாகத்தான் வேகும். குக்கரில் ஆவியை அடைத்து அழுத்தத்தை இரட்டிப்பாக்குகிறோம், 120 டிகிரி வரை போகும்.

அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போனால் ஓர் எல்லை வரும். 374 டிகிரி, காற்றழுத்தத்தைப் போல் சுமார் 218 மடங்கு. அதற்கு அப்பால் தண்ணீர், ஆவி என்ற பிரிவே கிடையாது, கொதிப்பதும் கிடையாது. இப்போதைய பெரிய அனல் மின் நிலையக் கொதிகலன்கள் பல அந்த எல்லைக்கு மேல்தான் ஓடுகின்றன. ராணிப்பேட்டை பெல் ஆலையில் செய்யும் துணைக் கருவிகள் போய்ச் சேர்வது இப்படிப்பட்ட மின் நிலையங்களுக்கும்தான்.

வேலூர் வெயிலில் என்னவெல்லாம் உருகும்?

காலியம் என்ற உலோகம் 29.8 டிகிரியில் உருகும். வேலூரில் பாதி வருஷம் அது பகலில் திரவம்தான். சாக்லேட் தெரிந்த கதை. தார் ரோட்டுக்கு உருகுநிலை என்று ஒரு புள்ளி கிடையாது. 47 டிகிரிக்கு மேல் இளக ஆரம்பிக்கும், கத்திரியில் கறுத்த சாலை 60-ஐத் தொடும், செருப்பு ஒட்டிக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரியில் உறையும் என்பதால் மார்கழி காலையில் மட்டும் பாட்டிலில் கட்டியாக நிற்கும். அது கலப்படத்துக்கு அடையாளமல்ல.

மழைக்காலத்தில் மண்டி வெல்லம் கசிவது உருகுவதல்ல. காற்றின் ஈரத்தை இழுத்துத் தானே கரைகிறது. காற்றுப் புகாமல் மூடிவைத்தால் கசியாது.

சென்னையில் ஏர் கூலர் வேலை செய்வதில்லை, வேலூரில் நன்றாக இருக்கிறது. ஏன்?

கூலரும் மண்பானையும் ஆவியாதலை நம்பியவை. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் தண்ணீர் ஆவியாக மறுக்கும். கடற்கரைச் சென்னையில் அதுதான் சிக்கல். வேலூரின் மே மாதக் காற்று காய்ந்தது, உறிஞ்சக் காத்திருக்கிறது. சாதாரணச் சூட்டில் ஆவியாகும் 1 கிராம் நீர் சுமார் 580 கலோரியை எடுத்துப்போகும். 10 லிட்டர் பானையில் 100 கிராம் கசிந்து ஆவியானால், வெளியிலிருந்து வெப்பம் வராதவரை, உள்ளே இருக்கும் நீர் கிட்டத்தட்ட 6 டிகிரி குறையும். பானைக்கு பெயின்ட் அடித்தால் துளைகள் அடைபட்டு இந்த வேலை நின்றுவிடும். கூலரை வைத்துவிட்டு ஜன்னலை இறுக மூடினாலும் அறையில் ஈரம் சேர்ந்து பயனில்லாமல் போகும்.

மாட்டுக்குச் சினை ஊசி போடுகிறவர் கொண்டுவரும் கேனில் புகை வருகிறதே, அது என்ன?

திரவ நைட்ரஜன், மைனஸ் 196 டிகிரி. நாம் மூச்சில் இழுக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு இதுதான், குளிர்வித்தால் திரவமாகிவிடும். விந்துக் குச்சிகள் கெடாமலிருக்க அதில் வைக்கிறார்கள். வெள்ளையாகத் தெரிவது நைட்ரஜன் அல்ல, குளிர்ந்து திவலையான காற்றின் ஈரம். கேனின் மூடி இறுக்கமாக இருக்காது, இருக்கவும் கூடாது. ஆவியாகும் வாயு வெளியேறாவிட்டால் கேன் வெடிக்கும். மூடிய காருக்குள் கொண்டுபோனால் ஆக்சிஜன் குறைந்து மயக்கம் வரலாம், கண்ணாடியை இறக்கிவிடுங்கள். பெரிய மருத்துவமனை வளாகங்களில் நிற்கும் உயரமான வெள்ளைத் தொட்டியில் இருப்பது திரவ ஆக்சிஜன், மைனஸ் 183. அதில் 1 லிட்டர் 850 லிட்டருக்கு மேல் வாயுவாகும்.

இரும்பு, டங்ஸ்டன்கூட ஆவியாகுமா?

எல்லாம் ஆகும். இரும்பு 2,860-ஐ ஒட்டிக் கொதிக்கும். டங்ஸ்டன் உருகவே 3,422 டிகிரி வேண்டும். பழைய குண்டு பல்பு கறுத்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். 2,500 டிகிரியில் ஒளிரும் இழை உருகாமலே கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக் கண்ணாடியில் படிந்ததுதான் அந்தக் கறுப்பு. இழை எங்கே மெலிகிறதோ அங்கே ஒருநாள் அறுந்துவிடும்.

பிள்ளைகளோடு வீட்டில் எதைச் செய்து பார்க்கலாம்?

ஒரு டம்ளர் நொறுக்கிய ஐஸில் ஆய்வகத் தெர்மாமீட்டரை வைத்து, கலக்கிக்கொண்டே நிமிஷத்துக்கு ஒருமுறை எழுதச் சொல்லுங்கள். கடைசித் துண்டு உருகும்வரை 0-விலேயே நிற்பதைப் பார்த்துவிட்டால் உள்ளுறை வெப்பம் புரிந்துவிடும். பிறகு உப்பைப் போட்டு 0-வுக்குக் கீழே இறங்குவதைப் பார்க்கலாம். தேங்காய் எண்ணெயை ஃபிரிஜ்ஜில் வைத்து எடுப்பதும் நல்லது.

பழைய பேட்டரியை உடைத்து ஈயம் உருக்குவதை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள். காரீயம் 327 டிகிரியில் சுலபமாக உருகிவிடும், அதுதான் ஆபத்து. அதன் புகையும் தூசியும் வாசலில், துணியில், பிள்ளைகளின் கையில் தங்கிவிடும். பேட்டரி வாங்கிய கடையிலேயே பழைய பேட்டரியை விலைக்கு எடுத்துக்கொள்வார்கள், அங்கே கொடுத்துவிடுங்கள்.